வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த அருள்வாக்கு

என் அன்புப் பிள்ளைகளே, முக்கியமாக, "உனக்கு இதெல்லாம் புரியாதுப்பா" என்று போன வாரம் சொன்ன மூத்த மகளே,

நீ படுத்துக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் படிக்கிறாயே, அந்தத் தடிப் புத்தகத்தை நீ பள்ளிக்கூடம் போன நேரத்தில் எடுத்துப் பார்த்தேன். (என் பத்தாங்கிளாஸ் இங்கிலீஷை வைத்துக்கொண்டு முதல் பக்கத்தைத் தாண்டுவதற்குள் ரெண்டு டீ ஆகிவிட்டது, அது வேறு விஷயம்.) ஆனாலும் கதை புரிந்தது. வானத்திலிருந்து யாரோ வந்து இறங்கி பூமியைப் பிடிக்கிறார்கள். பெரியவர்கள் எல்லாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். உன் வயசுப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஓடி, ஒளிந்து, சண்டை போட்டுத் தப்பிக்கிறார்கள். அருமையான கதை. பெரியவர்கள் கையைப் பிசையும் இடம் உனக்கு ரொம்பப் பிடித்திருக்கும்.

ஆனால் நீ படையெடுப்பைப் புத்தகத்தில்தான் பார்க்கிறாய். உன் அப்பன் நேரில் பார்த்தவன். 1991-ஆம் வருஷம், காணும் பொங்கல் அன்று, ஒரகடம் பக்கத்தில் நம் ஊர்க் களத்துமேட்டில் வேற்றுக்கிரகத்துத் தளபதி வந்து இறங்கினார். வரவழைத்ததே நான்தான். நீ மூன்று வருஷம் தாமதமாகப் பிறந்ததற்கு வைத்தியர் காரணமில்லை, ஜாதகம் காரணமில்லை. அந்தத் தளபதிதான் காரணம்.

அறிவாளியை நம்பலாம், முட்டாளையும் நம்பலாம். வாடகை நூலகத்தில் சந்தா கட்டிப் படிக்கிறவனை மட்டும் நம்பக் கூடாது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை. பட்டறைக்கு எதிரே வாடகை நூலகம். அங்கே ஒருநாள் அட்டை இல்லாத ஒரு மொழிபெயர்ப்பு நாவல் கிடைத்தது. அட்டை இல்லாததால் பேரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. கடைசிப் பக்கங்களும் இல்லை. நடுவில் இருந்ததெல்லாம் உன் புத்தகத்தில் இருப்பதுதான்: பச்சை முகத்து வேற்றுக்கிரகவாசிகள் ஒரு சின்ன டவுனைப் பிடிக்கிறார்கள், டேனியல் என்ற பதினைந்து வயசுப் பையனும் அவன் கூட்டாளிகளும் பள்ளிக்கூட நிலவறையில் ஒளிந்துகொண்டு எதிர்த்து நிற்கிறார்கள். வெளியே பச்சைமுகத் தளபதி கதவை உடைக்கிறான், டேனியல் எழுந்து நிற்கிறான், "நண்பர்களே, இதுதான் நமது" என்று ஒரு வரி. அதற்குப் பிறகு நூல் தையல்தான் இருந்தது.

இதுதான் நமது என்ன? எனக்குச் சோறு இறங்கவில்லை. சரி, முடிவை நாமே எழுதி நாடகமாகப் போட்டுவிடலாம் என்று தீர்மானித்தேன். மூட நம்பிக்கையில் கிடக்கும் ஊருக்கு விஞ்ஞானத்தைக் கொண்டுவந்த மாதிரியும் இருக்கும். (ஊர் என்னைக் கேட்டதா? கேட்கவில்லை. விஞ்ஞானி கேட்டுக்கொண்டா வருவான்?)

விஞ்ஞானத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் காரணம் இப்போது அடுக்களையில் தோசை சுட்டுக்கொண்டிருக்கிறது.

உங்கள் அம்மாவை அதற்கு முந்தின ஐப்பசியில் பெண் பார்த்திருந்தோம். எங்கள் தெருவிலேயே அவளுடைய அத்தை வீடு. எனக்குப் பிடித்துவிட்டது என்றால் சாதாரணமாக இல்லை, பட்டறையில் போல்ட்டுக்கு மறை வெட்டச் சொன்னால் விஜயா விஜயா என்று எண்ணிக்கொண்டு இரும்பைத் தீர்த்துவிடும் அளவுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அவள் அப்பா, அதாவது உங்கள் தாத்தா, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ரயில்வேயில் கேட்மேன். கேட்டைச் சாத்திவிட்டால் மந்திரி கார் வந்து ஆரன் அடித்தாலும் திறக்காத மனுஷன். பெண் கேட்டு என் அம்மா மூன்று முறை போனாள். மூன்று முறையும் ஒரே பதில்: "பாக்கலாம்."

நான் நாடகம் எழுதுகிறேன் என்று அத்தை மூலமாகச் செய்தி அனுப்பினேன். பதில் வந்தது. காணும் பொங்கலுக்குத் தங்கச்சி வீட்டுக்கு மகளோடு வருகிறாராம். "பையன் நாடகம் போடறானாமே, பாக்கலாம்."

இந்த ஒரு "பாக்கலாம்" போதாதா? ராத்திரி பகலாக வேலையில் இறங்கினேன்.

டேனியல் நான். இருபத்து மூன்று வயசு டேனியல். அரைக்கால் டவுசர் போட்டால் பதினைந்து தெரியும் என்று நினைத்தேன். (தெரிந்தது முழங்கால்தான்.) மற்றப் பிள்ளைகளாக நற்பணி மன்றத்துப் பையன்கள். பச்சைமுகத் தளபதிக்கு என் சிநேகிதன் தேவராஜ். டிராக்டர் ஓட்டுகிறவன். கதவு அளவு உடம்பு, கதவு அளவே நடிப்பு. அவனுக்கு நான் செய்த அலங்காரத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பின்னால் நடந்ததற்கு முன்னால் நான் என்னென்ன செய்தேன் என்று தெரிய வேண்டும்.

உடம்புக்கு யூரியா சாக்கில் அலுமினிய பெயிண்ட். தலைக்கு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, குடைக்கம்பி இரண்டை ஏரியலாக நட்டேன். கையில் கதிர்த் துப்பாக்கி. ஒரே குழல் வைத்தால் துப்பாக்கி மாதிரி ஆகிவிடும், நம் விஞ்ஞானம் அதைவிடப் பெரிது அல்லவா? மூன்று கம்பிகளைக் கூராகச் சீவி, பக்கத்துக் கம்பிகள் இரண்டையும் கொஞ்சம் வளைத்து, நீளமான பைப்பில் வெல்டு வைத்தேன். முகத்துக்குப் பச்சை. அதற்கு முந்தின நாள்தானே மாட்டுப் பொங்கல்? கொம்புக்கு அடித்த பச்சை பெயிண்ட் அரை டப்பா மிச்சம் இருந்தது. அதையே தேவராஜுக்கும் அடித்தேன்.

முடிவுக்கு வருவோம். கிழிந்துபோன பக்கங்களுக்கு நான் கண்டுபிடித்த முடிவு இது: வேற்றுக்கிரகவாசிகளுக்கு எல்லா ஆயுதமும் தாங்கும், மிளகாய்ப்பொடி மட்டும் தாங்காது. டேனியலின் தோழன் ஒருவன் ஓடிவந்து ஒரு பிடி மிளகாய்ப்பொடியை முகத்தில் வீசுவான். தளபதி தும்மித் தும்மி விழுவான். திரை. அந்தத் தோழனாக மன்றத்துப் பையன் சீனு. நிஜ மிளகாய்ப்பொடி போட்டால் தேவராஜ் கண் போய்விடும் என்று சீனு கையில் ஒரு பொட்டலம் குங்குமம் கொடுத்திருந்தேன்.

எழுதும்போது எனக்கே தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

பயப்படுத்துகிற மாதிரி சங்கீதம் ஒரு கேசட்டில் பிடித்து வைத்திருந்தேன். ராத்திரியில் போட்டால் வோல்டேஜ் இருக்காது, டியூப் லைட் கண்ணடிக்கும் என்று நாடகத்தையே மாலை நாலு மணிக்கு வைத்தோம். (பட்டப்பகலில் படையெடுப்பு. அவ்வளவு தைரியசாலி வேற்றுக்கிரகவாசிகள்.) களத்துமேட்டில் ஊரே உட்கார்ந்திருந்தது. முன் வரிசையில் மடக்கு நாற்காலி போட்டு உங்கள் தாத்தா. பக்கத்தில் பாயில் உங்கள் அம்மா, கையில் வேர்க்கடலைப் பொட்டலம். நான் அரைக்கால் டவுசரில் மறைந்து மறைந்து பார்க்கிறேன், அவள் டவுசரைத்தான் பார்க்கிறாள்.

தளபதி வருவதற்குச் சரியாகப் பத்து நிமிஷம் முன்னால் டேப் ரிக்கார்டர் கேசட்டைத் தின்றுவிட்டது. கருப்பு நாடா குடல் மாதிரி வெளியே தொங்குகிறது. அப்போது சீனுதான் சொன்னான், "முனுசாமி அண்ணன் சும்மாதான் குந்திகினு கீறாரு. பம்பைய எடுத்துகினு வரச் சொல்லட்டா?"

முனுசாமி அண்ணன் நம் ஊர் அம்மன் கோவிலில் பம்பை மேளம் அடிப்பவர். சந்தோஷமாக வந்தார்.

"இன்னா அடிக்கணும் சேகரு?"

"தூரத்துலேர்ந்து யாரோ பெரிய ஆள் வராங்கண்ணே. பயங்கரமா, கம்பீரமா வராங்க. கேக்கறவனுக்கு மயிர் சிலுக்கணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யாரோ வர்றதுக்குன்னு எங்கிட்ட ஒரு அடிதான் கீது."

"அதையே அடிங்க."

வேஷம் போட்டு டிராக்டர் டிரெய்லரில் ஏறி நின்ற தேவராஜ் இதைக் கேட்டதும் இறங்கிவிட்டான். "டேய், பம்பையா? வேணான்டா. எங்க வூட்டு ஆளுங்க சங்கதி உனுக்குத் தெரியுமில்ல?"

தெரியும். ஊருக்கே தெரியும். தேவராஜ் வீட்டில் மூன்று தலைமுறையாக அம்மன் வந்து இறங்குவாள். ஆடி மாசம் தீமிதியில் அவனை நாலு பேர் பிடிப்பார்கள், அந்த நாலு பேரை எட்டுப் பேர் பிடிப்பார்கள். ஆனால் நான்தான் விஞ்ஞானி ஆயிற்றே.

"அது ஆடிடா. இது தை. இப்ப சாமிக்கு லீவு. ஏறு மேல."

ஏறினான். அவனுக்குப் பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில், முனுசாமி அண்ணனையும் ஏற்றினேன். சத்தம் தளபதியிடமிருந்தே வருகிற மாதிரி இருக்க வேண்டும் என்பது என் திட்டம்.

டிராக்டர் களத்துக்குள் நுழைந்தது. பம்பை முழங்கியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கே மயிர் சிலிர்த்தது. உங்கள் தாத்தா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். முதலில் தேவராஜின் ஏரியல் மட்டும் ஆடியது. ஆஹா, நான் சொல்லிக்கொடுக்காததைக்கூடச் செய்கிறானே, என்ன நடிப்பு! பிறகு பிஸ்கட் டின் ஆடியது. பிறகு டிரெய்லரே ஆடியது.

டிரெய்லரிலிருந்து ஒரே குதி. நாக்கைத் துருத்திக்கொண்டு, பச்சை முகமும் உருட்டுக் கண்ணுமாக, மூன்று முனைக் கதிர்த் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கி அவன் போட்ட கூச்சலில் கடலை பொறுக்க வந்த காக்கைகள் ஏரிப் பக்கம் பறந்தன.

நான் வசனத்தை விடுவேனா? பள்ளிக்கூடத்து மேசைக்குக் கீழிருந்து, அதாவது நிலவறையிலிருந்து, வெளியே பாய்ந்தேன். அரைக்கால் டவுசரோடு மார்பை நிமிர்த்திக் கத்தினேன்: "ஏ பச்சை முகத்து வெறியனே! இது எங்கள் பூமி! மானம் இருந்தால் உன் கூட்டத்தோடு ஓடிப் போ!"

கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல்: "அடப்பாவி! பச்சையம்மா வந்து நிக்கிறா, ஓடிப்போன்றானே!"

"நாக்கு அழுகிடும்டா உனுக்கு!"

"டவுசர பாரு, சாமி முன்னால வர்ற டவுசரா இது?"

அதுவரைக்கும் எனக்கு உறைக்கவில்லை. பச்சை முகம். கையில் மூன்று முனை. பம்பை. நம் பக்கத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் யார் வந்திருப்பது என்று சொல்லிவிடும். நான் ஒருத்தன்தான் மாதக்கணக்கில் உட்கார்ந்து அம்மனுக்கு அலங்காரம் பண்ணிவிட்டு அதற்கு வேற்றுக்கிரகம் என்று பேர் வைத்தவன்.

இப்போதும் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் ஒத்திகையில் ஒருநாளும் நேரத்துக்கு வராத சீனு அன்றைக்கு நேரத்துக்கு வந்தான். "இந்தா, வாங்கிக்கோ பூமியின் பரிசை!" என்று ஓடிவந்து, பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பிடி குங்குமத்தைத் தேவராஜ் முகத்தில் அப்பினான்.

பெண்கள் குலவை போட்டார்கள்.

அவ்வளவுதான். எங்கிருந்தோ கற்பூரம் வந்தது. எங்கிருந்தோ வேப்பிலை வந்தது. யாரோ ஒருவர் என் பிடரியைப் பிடித்து அழுத்த, பூமியின் கடைசி நம்பிக்கையான டேனியல் வேற்றுக்கிரகத் தளபதியின் காலில் குப்புற விழுந்தான். மற்ற வீரப் பிள்ளைகள் எனக்கு முன்பே விழுந்திருந்தார்கள்.

தேவராஜ் உறுமினான். "இன்னாடா இது என் தலையில?"

எல்லாரும் என் முதுகைப் பார்த்தார்கள் என்பது முதுகுக்கே தெரிந்தது.

"கிரீடமாடா இது? தகரம்! ஆடிக்குக் கூழத் தண்ணியா ஊத்தினீங்க. பொறுத்துகினேன். இப்ப தகரம்!"

"தப்புதான் தாயி. அறியாத புள்ளைங்க" என்று ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அப்புறம் வரிசை கட்டிவிட்டார்கள். காணாமல் போன ஆட்டைப் பற்றி ஒருவர், கிணற்றில் ஊற்று எந்தப் பக்கம் என்று ஒருவர், மகனுக்கு அரசாங்க வேலை எப்போது என்று ஒருவர். ஏரியல் வைத்த பிஸ்கட் டின் எல்லாருக்கும் பதில் சொன்னது. என் நாடகத்தில் தளபதிக்கு நாலே வரி வசனம், அதையே அவன் ரெண்டு மாதமாக மனப்பாடம் பண்ண முடியாமல் தவித்தவன். அன்றைக்கு மடை திறந்த மாதிரி கொட்டியது.

அப்போது முன் வரிசையில் மடக்கு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. உங்கள் தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார். என் நெஞ்சு மண்ணில் இடித்தது. பின்னாலேயே உங்கள் அம்மாவும் வந்தாள். நான் காலடியில் கிடந்ததால் அவள் தன் அப்பா காதில் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"குடுக்கலாமா வேணாமான்னு கேக்காதப்பா. எத்தினி வருசம் கழிச்சின்னு கேளு."

தாத்தா அப்படியே கேட்டார். "தாயே, பொண்ணுக்கு ஒரு வரன் வந்துகீது. எத்தினி வருசம் கழிச்சிக் குடுக்கலாம்?"

பம்பை நின்றது. வேப்பிலை என் தலைமேல் ஒருமுறை உரசியது.

"மூணு தை பொறக்கட்டும்" என்றான் தேவராஜ்.

"பையன்..."

"தோ கெடக்கறானே டவுசரு, இவந்தான். வேற வூட்டுக்குப் போவ மாட்டா. ஆனா மூணு தை."

பாதி நல்ல செய்தி, பாதி கெட்ட செய்தி. நான் தலையைத் தூக்கினேன். மாமனாராகப் போகிறவர் முன்னால் மரியாதையாக, "தாயே, ஒரு தை?" என்றேன்.

சுரீர் என்று வேப்பிலை முதுகில் விழுந்தது. "எங்கிட்டயே பேரம் பேசறியா?"

உங்கள் தாத்தா என்னைக் குனிந்து பார்த்தார். "சும்மா கெடங்க தம்பி. அவங்களே சொல்லிட்டாங்க இல்ல." வாழ்க்கையில் முதல்முறையாக "பாக்கலாம்" என்று சொல்லாமல் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கேட் சாத்தியாகிவிட்டது.

நாக்கில் கற்பூரத்தை வைத்ததும் சாமி மலையேறியது. பூமி பிழைத்தது. தேவராஜ் தொப்பென்று விழுந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தான். கூட்டம் நெற்றியில் விபூதியோடு கலைந்துகொண்டிருந்தது. அவன் மெதுவாக எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, ஒரு பிழை இல்லாமல் சொன்னான்: "மானிடப் பதர்களே! இனி இந்தப் பூமி எங்கள் கையில்!"

கை தட்ட ஒரு ஆள் இல்லை.

என்ன பேசினான் என்று ஒன்றும் ஞாபகமில்லை என்று தேவராஜ் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான். இருக்கலாம். "கதாநாயகன் வேஷம் எனக்குக் குடுடா" என்று அவன் என்னிடம் ஒரு மாதம் கெஞ்சியதும், "உன் மூஞ்சிக்கு வேற்றுக்கிரகமே ஜாஸ்தி" என்று நான் சொன்னதும் மட்டும் அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கொம்பு பெயிண்ட் அவன் காதோரத்தில் மாசி வரைக்கும் போகவில்லை. அதுவரை அவன் டிராக்டரில் போனால் வழியில் கிழவர்கள் கும்பிட்டார்கள்.

உங்கள் அம்மாவைக் கல்யாணத்துக்குப் பிறகு கேட்டேன், ஏன் அப்படிக் கேட்கச் சொன்னாய் என்று. "டீச்சர் ட்ரெயினிங் சேரணும்னு ரெண்டு வருசமா அப்பாகிட்ட கெஞ்சினேன். பாக்கலாம், பாக்கலாம்னாரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு, சாமி சொன்னா கேப்பாரு. டவுசர் போட்ட மாப்பிள்ள எங்க போயிடப் போறாரு?" என்றாள். சேர்ந்தாள், முடித்தாள். அந்த வேலையில்தான் இந்த வீட்டுக்குக் கூரை வந்தது. ஆக, என் படையெடுப்பில் எதிரியின் திட்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்டு தப்பித்தது வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த ஒரு பெண்தான். டேனியல் இல்லை.

பிற்பாடு நம் ஊரைச் சுற்றி நிஜமாகவே வந்து இறங்கினார்கள். தலையில் ஹெல்மெட், கையில் கருவி, ஏரிக்கரை நெடுகக் கல் நட்டார்கள். நாம் யாரும் நிலவறையில் ஒளியவில்லை, மிளகாய்ப்பொடியும் வீசவில்லை. கம்பெனி வாசலில் ஷிப்டு கேட்டு வரிசையில் நின்றோம். நான்தான் அந்த வரிசையில் முதல் ஆள்.

இந்த வீட்டில் நான் எதைக் கேட்டாலும், சைக்கிளை மாற்றி ஸ்கூட்டர் வாங்கலாமா என்றாலும், ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கலாமா என்றாலும், உங்கள் அம்மா "மூணு தை பொறக்கட்டும்" என்கிறாளே, நீங்களும் விழுந்து விழுந்து சிரிக்கிறீர்களே, அதன் வரலாறு இதுதான். இனிமேல் தெரிந்துகொண்டு சிரியுங்கள். மகளே, உன் புத்தகத்தைப் படித்து முடித்ததும் கடைசிப் பக்கத்தை மட்டும் எனக்குத் தமிழில் சொல். "இதுதான் நமது" என்ன என்று எனக்கு இன்னும் தெரியாது.

இன்னொன்று. இதை உங்கள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

நாடகம் நடந்த மறுநாள் காலை, பட்டறைக்குப் போகிற வழியில் களத்துமேட்டில் சைக்கிளை நிறுத்தினேன். என் சாமான்களை எடுத்துக்கொண்டு போகலாம் என்று. மேசையும் சாக்கும் கிடந்த இடத்திலேயே கிடந்தன. பிஸ்கட் டின்னை மட்டும் யாரோ வேப்பமரத்தடியில் ஒரு செங்கல் மேல் நிமிர்த்தி வைத்து, மஞ்சள் பூசி, இரண்டு ஏரியலுக்கும் சேர்த்து ஒரு சாமந்திச் சரம் போட்டிருந்தார்கள். எதிரே அணைந்துபோன கற்பூரத்தில் ஒரு துண்டு மிச்சம்.

ஊரின் ஒரே விஞ்ஞானியாகிய நான் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தத் துண்டைக் கொளுத்தி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, மெதுவாகக் கேட்டேன்.

"ரெண்டு தை?"